டிவியில் படம் வந்துட்டா டிஷ் வேலை முடிஞ்சுதா? ஆண்டிபட்டி காற்றுக்கு ஆன்டெனா பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

வீட்டுக்குப் புது டிஷ் மாட்ட ஆள் வருகிறார். மொட்டை மாடிக்குப் போகிறார், துளை போடுகிறார், அரை மணி நேரத்தில் கீழே இறங்கி வந்து டிவியைப் போடுகிறார். படம் பளிச்சென்று வருகிறது. பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

பிரச்சினை தெரிவது ஆடி மாசத்தில். ஆண்டிபட்டி, கண்டமனூர், தேனி வட்டாரத்தில் தென்மேற்குப் பருவக்காற்று எப்படி வீசும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மலைக் கணவாய்கள் வழியாக நெருக்கிக்கொண்டு வரும் அந்தக் காற்றை நம்பித்தான் இந்தப் பகுதியில் வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. ராட்சத இறக்கைகளைச் சுற்ற வைக்கிற காற்று, சரியாக முடுக்காத டிஷ்ஷை விட்டு வைக்குமா?

டிவியில் படம் வருவதை மட்டும் வைத்து வேலை சரியாக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. போல்ட், கம்பம், எர்த், மின்கம்பியிலிருந்து இருக்கும் தூரம் எல்லாம் மாடியில்தான் இருக்கின்றன. பணம் கொடுப்பதற்கு முன் அங்கே எதையெல்லாம் பார்க்கணும்? விரிவாகப் பார்ப்போம்.

பழைய கம்பி ஆன்டெனா இன்னும் வேலை செய்யுமா?

மீன் முள் மாதிரி அலுமினியக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவுக்கு யாகி-உடா ஆன்டெனா என்று பெயர். 1926-ல் ஜப்பானைச் சேர்ந்த ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி ஆகிய இருவரின் ஆய்வில் பிறந்தது. நிலத்தில் இருக்கும் கோபுரத்திலிருந்து வரும் சிக்னலைப் பிடிப்பது இதன் வேலை.

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஆனால் தேனிப் பக்கத்து வீடுகளுக்குக் கைகொடுத்தது பின்னாளில் கொடைக்கானல் மலையில் வந்த ஒளிபரப்புக் கோபுரம்தான். ஆண்டிபட்டியிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதனால் அந்தக் காலத்து ஆன்டெனாக்கள் வடக்குப் பக்கம், கொஞ்சம் மேற்கே சாய்ந்து, கொடைக்கானலைப் பார்த்து நின்றன. நடுவில் மலையோ கரடோ மறைத்தால் திரை முழுக்கப் புள்ளிதான். மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருப்ப, "இப்ப தெரியுதா?" என்று கேட்க, கீழே இருந்து "இன்னும் கொஞ்சம்" என்று குரல் வரும் காட்சியை நாற்பது வயதைத் தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, உயரக் கம்பமும் பூஸ்டரும் வைத்து அதைப் பிடித்துப் பார்த்தவர்களும் தென் மாவட்டங்களில் உண்டு.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. நாடு முழுக்க அனலாக் தரைவழி ஒளிபரப்பை 2022 மார்ச்சுக்குள் படிப்படியாக நிறுத்துவதாகவும், முக்கியமான இடங்களில் சுமார் 50 ஒளிபரப்பிகளை மட்டும் வைத்துக்கொள்வதாகவும் 2021 அக்டோபரில் பிரசார் பாரதி அறிவித்தது. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016-ல் வந்தாலும், அது சென்னை போன்ற சில பெருநகரங்களுக்கானது. எனவே, பழைய கம்பி ஆன்டெனாவைப் பழுது பார்க்கக் காசு செலவழிப்பதில் பலன் கிடையாது.

இன்றைக்கு இருக்கும் வழிகள் மூன்று. ஒன்று, அரசு கேபிள் அல்லது தனியார் கேபிள். இதற்கு மாடியில் எதுவும் மாட்ட வேண்டாம். இரண்டு, மாதக் கட்டணம் கட்டும் தனியார் டிடிஎச். மூன்று, மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கியது இதுதான். பெட்டியும் டிஷ்ஷும் ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் தமிழ் தனியார் சேனல்கள் இதில் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கணும். பின்னால் சொன்ன இரண்டுக்கும் டிஷ் தேவை.

டிஷ் எந்தத் திசையைப் பார்க்கணும்?

டிடி ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் ஏவப்பட்ட இது, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது.

ஆண்டிபட்டியிலிருந்து கணக்குப் போட்டால், வடக்கிலிருந்து வலப்புறமாக சுமார் 121 டிகிரி. எளிதாகச் சொன்னால், நேர் கிழக்கைப் பார்த்து நின்று, வலது பக்கம் சுமார் 30 டிகிரி திரும்பணும். அதுதான் திசை. அன்றைக்குக் கொடைக்கானலைப் பார்த்த வீடுகள் இன்றைக்கு ஏறக்குறைய அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்கின்றன.

உயரக் கோணம் சுமார் 68 டிகிரி. அதாவது செயற்கைக்கோள் கிட்டத்தட்ட தலைக்கு மேலே இருக்கிறது. அப்படியானால் டிஷ் ஏன் அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தெரியவில்லை? வீடுகளில் மாட்டும் டிஷ்கள் 'ஆஃப்செட்' வகை. மேலிருந்து வரும் அலையைச் சாய்வாக வாங்கி, கீழே கையில் பொருத்தியிருக்கும் எல்என்பிக்கு அனுப்பும். அதனால் டிஷ் பார்ப்பதாக நமக்குத் தெரிகிற இடத்தைவிட இருபது டிகிரிக்கும் மேல் உயரத்திலிருந்துதான் சிக்னல் வருகிறது.

ஒவ்வொரு டிடிஎச் நிறுவனமும் ஒரே செயற்கைக்கோளைப் பயன்படுத்துவதில்லை. அதனால் கம்பெனி மாற்றும்போது பெட்டியை மட்டும் மாற்றினால் போதாது. டிஷ்ஷின் திசையையும் மாற்ற வேண்டி வரலாம்.

மாடியில் எந்த இடத்தில் வைக்கணும்?

இவ்வளவு உயரத்திலிருந்து சிக்னல் வருவதால் ஆண்டிபட்டி மலையோ வருசநாட்டு மலையோ மறைக்கும் என்ற கவலை இல்லை. மறைப்பது பக்கத்தில் இருக்கும் தென்னை, வேம்பு, தண்ணீர் டேங்க், மாடிப்படி அறை இவைதான்.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. தென்கிழக்கில் இருக்கும் பொருள் டிஷ்ஷைவிட 10 அடி உயரமாக இருந்தால், டிஷ் அதிலிருந்து குறைந்தது 4 அடி தள்ளி இருக்கணும். 20 அடி உயரம் என்றால் 8 அடி. இது ஃப்ரீ டிஷ்ஷுக்கான கணக்கு. செயற்கைக்கோள் இன்னும் தாழ்வாக இருந்தால் தூரம் கூடும். மரமாக இருந்தால் இன்றைய உயரத்தைப் பார்க்காமல், மூன்று வருஷம் கழித்து எவ்வளவு வளரும் என்று பார்த்து இடம் பிடிங்க.

டிஷ்ஷைத் தூக்கிக் கட்டினால் சிக்னல் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பி ஆன்டெனாவுக்கு அது உண்மை. டிஷ்ஷுக்கு இல்லை. 36,000 கிலோமீட்டரில் பத்து அடி ஒரு கணக்கே கிடையாது. வானம் தெரிகிற இடத்தில் எவ்வளவு தாழ்வாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. காற்றும் குறைவாகப் படும், நாளைக்குச் சரி பார்க்கவும் வசதி.

ஆடிக் காற்றைத் தாங்குமா?

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள். டிஷ் அம்மியைவிட லேசானது, ஆனால் விரித்து வைத்த முறம் மாதிரி காற்றை வாங்கும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் மேல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக அடித்தால், சுமார் 6 கிலோ எடை தள்ளுகிற மாதிரி. வேகம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும், அதாவது சுமார் 25 கிலோ. கம்பம் உயர உயர, அடியில் இருக்கும் போல்ட்டுக்கு வேலை கூடும்.

டிஷ் பறந்து போனால்தான் கேடு என்றில்லை. ஒரு டிகிரி திரும்பினாலே, செயற்கைக்கோள் இருக்கும் இடத்தில் அது 600 கிலோமீட்டருக்கும் மேல் விலகல். இரண்டு டிகிரி திரும்பினால் பெரும்பாலும் படம் போய்விடும். கண்ணுக்கு டிஷ் அசைந்ததே தெரியாது.

அதனால் இதையெல்லாம் பாருங்க:

• அடித்தளம் கான்கிரீட்டில் இருக்கணும். கைப்பிடிச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவராக இருந்தால், பூச்சில் போட்ட துளை நிற்காது. மழையில் ஊறி, காற்றில் ஆடி, போல்ட் பூச்சோடு பெயர்ந்து வரும்.

• தளத்தில் துளை போட்டால் ஒழுகும் என்று பயமாக இருந்தால், கனமான கான்கிரீட் கட்டை ஊற்றி அதில் மாட்டச் சொல்லலாம். நாலு செங்கல்லை மேலே தூக்கி வைப்பது இந்த ஊர்க் காற்றுக்கு ஆகாது.

• எல்லாத் துளையிலும் போல்ட் இருக்கணும். நாலு துளையில் இரண்டில் மட்டும் மாட்டிவிட்டுப் போனால், மீதி இரண்டையும் கேட்டு வாங்குங்க. துரு ஏறாத போல்ட்டும் வாஷரும் நல்லது.

• கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷில் இருக்கும் கோண அளவுக்கோடு பொய் சொல்லும்.

• வேலை முடிந்ததும் டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்க. ஆட்டம் இருக்கக் கூடாது. கடைசியாக, கம்பத்திலும் தரையிலும் பெயின்ட்டாலோ மார்க்கராலோ ஒரு கோடு போட்டு வையுங்க. பின்னால் டிஷ் நகர்ந்ததா என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஓட்டு வீடு, சிமென்ட் ஷீட் வீடாக இருந்தால் கூரை மேல் ஏறவே கூடாது. ஷீட் ஆளைத் தாங்காது. சுவரிலோ, தரையில் நட்ட இரும்புக் கம்பத்திலோ டிஷ்ஷை வைப்பதுதான் சரி.

மின்கம்பி பக்கத்தில் போனால் என்ன ஆகும்?

இந்த வேலையில் உயிர் போகிற இடம் இதுதான். கையில் இரும்புக் கம்பத்தைத் தூக்கி நிறுத்தும்போது அது சாய்ந்து மின்கம்பியில் பட்டால், தப்பிக்க நேரம் இருக்காது. 11,000 வோல்ட் உயரழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை. மிக அருகில் போனாலே மின்சாரம் தாவும்.

மத்திய மின்சார ஆணைய விதிகளின்படி, சாதாரண வீட்டு மின்கம்பி கட்டடத்திலிருந்து மேல்பக்கம் 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் தள்ளி இருக்கணும். 11,000 வோல்ட் கம்பி மேல்பக்கம் 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். கட்டடத்துக்குச் சொன்ன இந்த இடைவெளிக்குள் டிஷ்ஷோ கம்பமோ போகக் கூடாது. இன்னும் பாதுகாப்பான கணக்கு ஒன்று இருக்கிறது: கம்பம் முழு நீளத்துக்கும் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடம் மட்டுமே சரியான இடம்.

பழைய ஆன்டெனாவைக் கழற்றும்போதும் இதே ஆபத்து உண்டு. இருபது வருஷம் துருப்பிடித்த கம்பம் எந்தப் பக்கம் ஒடியும் என்று சொல்ல முடியாது. அதற்காக அதை அப்படியே விடவும் முடியாது. காற்றில் ஒடிந்து தெருக் கம்பியில் விழுந்தால் ஆபத்து பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான். பக்கத்தில் மின்கம்பி இருந்தால் மின்வாரியத்திடம் சொல்லி, சப்ளையை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கழற்றுங்க. மின்னகம் எண் 94987 94987.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய்த் தொட்டுத் தூக்கக் கூடாது. முதலில் மின்சாரம் நிற்கணும். பிறகு 108.

எர்த் எதற்கு? இடி இறங்கினால் காப்பாற்றுமா?

மொட்டை மாடியில் நிற்கும் இரும்பிலிருந்து ஒரு கேபிள் நேராக வீட்டு டிவிக்குள் போகிறது. கோடை மழைக்கு முன்னும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இடி மின்னல் வரும்போது, பக்கத்தில் எங்கோ விழும் மின்னல்கூட அந்த வழியாக மின்னழுத்தத்தைத் தூண்டிவிடலாம். டிஷ் கம்பத்தை எர்த்தோடு இணைத்தால், அதன் பெரும்பகுதி மண்ணுக்குப் போகும். எர்த்துக்குத் தனியாகக் கம்பி அடித்தால், அதை வீட்டின் எர்த்தோடும் சேர்க்கணும். இது எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. டிஷ் மாட்ட வருகிறவர் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை.

எர்த் இருந்தாலும் நேராக விழும் இடியிலிருந்து டிவியைக் காப்பாற்றும் என்று உறுதி சொல்ல முடியாது. இடி தொடங்கும் முன்பே டிவி, பெட்டி இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, டிஷ் கேபிளையும் கழற்றி வையுங்க. இடிக்கும்போது கேபிளைத் தொடவோ, மாடிக்குப் போகவோ கூடாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, பக்கத்தில் மின்னல் விழ வாய்ப்பிருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும்.

கேபிளில் என்ன பார்க்கணும்?

டிஷ்ஷுக்குப் பயன்படுவது ஆர்ஜி-6 என்ற கேபிள். தரம் குறைந்த கேபிளிலும் முதல் நாள் படம் வரும். வெயிலில் மேல் தோல் வெடித்து, உள்ளே தண்ணீர் போனபிறகுதான் சிக்கல்.

• டிஷ்ஷிலிருந்து பெட்டி வரை நடுவில் ஒட்டுப் போடாத ஒரே கேபிளாக இருப்பது நல்லது.

• வெளியில் இருக்கும் கனெக்டருக்குத் தண்ணீர் புகாத ரப்பர் உறை வேணும்.

• கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழ்ப்பக்கமாக ஒரு வளைவு விடணும். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

• ஜன்னலை இழுத்து மூடும் இடத்தில் நசுங்கும்படி கேபிளை விடக் கூடாது.

கனெக்டரை மாட்டும்போதும் கழற்றும்போதும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கணும். எல்என்பிக்குத் தேவையான மின்சாரம் இதே கேபிளில்தான் போகிறது. நடுக் கம்பியும் வெளிப் பின்னலும் தொட்டுக்கொண்டால் பெட்டி பழுதாகலாம்.

'சிக்னல் 90 இருக்கு' என்றால் நம்பலாமா?

பெட்டியின் மெனுவில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று ஸ்ட்ரென்த், இன்னொன்று குவாலிட்டி. முதல் கோடு, டிஷ் தவறான செயற்கைக்கோளைப் பார்த்தாலும் ஏறும். பார்க்க வேண்டியது குவாலிட்டி. வெயில் நாளில் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அதுதான் மழை நாளில் கைகொடுக்கும். இந்த அலைவரிசையைக் கனமழை மறைப்பது இயல்பு. மழை விட்டதும் படம் தானாக வந்தால் டிஷ்ஷில் கோளாறு இல்லை. தூறலுக்கே படம் போனால் டிஷ் சரியாகத் திருப்பப்படவில்லை என்று அர்த்தம்.

மாட்டுபவர் சேனல் வந்ததும் நிறுத்திவிடாமல், டிஷ்ஷை இடமும் வலமும், மேலும் கீழும் சிறிது நகர்த்தி, குவாலிட்டி அதிகபட்சம் வரும் இடத்தில் முடுக்கணும். எல்என்பியையும் அதன் பிடியில் சற்றுத் திருப்பிப் பார்க்கணும். முடுக்கிய பிறகு இன்னொரு முறை எண்ணைப் பார்க்கணும். முடுக்கும்போதே டிஷ் நகர்ந்துவிடுவது உண்டு. அந்த எண்ணை மொபைலில் படம் எடுத்து வையுங்க.

கட்டணம் எவ்வளவு? புகார் எங்கே?

டிடிஎச் இணைப்புக்குப் பொருத்தும் கட்டணம் 350 ரூபாய்க்கும், செயல்படுத்தும் கட்டணம் 100 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது என்று 2017 விதியில் டிராய் உச்சவரம்பு வைத்திருந்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பு எடுக்கப்பட்டது. இப்போது கட்டணத்தை நிறுவனமே தீர்மானிக்கலாம், ஆனால் அதை வெளியிட வேண்டும். எனவே ஆள் வருவதற்கு முன்பே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு வையுங்க. கேபிள், கம்பம், போல்ட் எல்லாம் அதில் சேருமா என்பதையும் கேளுங்க. சண்டை வருவது பெரும்பாலும் இந்தக் கூடுதல் பொருட்களில்தான்.

கடைக்காரர் மூலம் ஃப்ரீ டிஷ் வாங்கினால், பில்லும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்க. "ஆடிக் காத்துல திரும்பிட்டா வந்து சரி பண்ணித் தருவீங்களாண்ணே?" என்று முதலிலேயே பேசி, பில்லில் எழுதி வாங்குவது நல்லது. நிறுவனம் புகாரைக் கண்டுகொள்ளாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருள், சேவைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

பணம் கொடுக்கும் முன் ஐந்து நிமிஷம்

1. எல்லா போல்ட்டும் இருக்கிறதா, டிஷ் ஆடாமல் நிற்கிறதா?

2. கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாமல் இருக்குமா?

3. தென்கிழக்கில் வளரும் மரம் ஏதும் இருக்கிறதா?

4. கேபிளில் ஒட்டு இல்லையே? கனெக்டருக்கு உறையும், சுவருக்கு முன் வளைவும் இருக்கிறதா?

5. எர்த் இணைத்தாச்சா? இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் எப்போது வருகிறார்?

6. குவாலிட்டி எண்ணைப் படம் எடுத்தாச்சா?

7. பில் கையில் இருக்கிறதா?

மாட்டுபவர் மாடியில் இருக்கும்போதே இந்த ஏழையும் பார்த்துவிடலாம். குறை இருந்தால் அவரே அங்கேயே சரி செய்துவிடுவார். அவர் கிளம்பிய பிறகு தெரிந்தால் இன்னொரு நாள், இன்னொரு கட்டணம். புது டிஷ் மாட்ட நினைப்பவர்கள் வைகாசிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே டிஷ் இருப்பவர்களும் ஆனி பிறக்கும் முன் ஒருமுறை ஸ்பேனரோடு ஆளைக் கூப்பிட்டு போல்ட்டுகளை முடுக்கச் சொல்லுங்க.